பட்ஜெட் உரையை மூடுங்கள், மானியக் கோரிக்கையைத் திறவுங்கள்: தமிழ்நாடு அரசின் பட்ஜெட் ஆவணங்கள் பற்றி ஒரு மதிப்புரை

நிதியமைச்சர் சட்டமன்றத்தில் பட்ஜெட் உரையை வாசித்து முடித்ததும் தமிழ்நாடு நிதித்துறையின் இணையதளத்தில் ஆவணங்கள் வரிசையாக ஏறுகின்றன. கட்டணம் கிடையாது. பெயரோ கைபேசி எண்ணோ கேட்பதில்லை. ஆண்டுக்கு நான்கு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவழிக்கும் ஓர் அரசு தன் கணக்கை இப்படி எல்லோருக்கும் திறந்து வைப்பது பெரிய விஷயம். ஆனால் திறந்து பார்ப்பவர்கள் பலரும் உரையோடு நின்றுவிடுகிறார்கள். தகவல் மிகக் குறைவாக இருப்பது அந்த உரையில்தான். இந்த ஆவணக் கட்டு முழுவதையும் ஒரு பொதுச் சேவையாக எடுத்துக்கொண்டு, எதில் சரக்கு இருக்கிறது, எது வழிதவற வைக்கும், எதை எப்படிப் படிக்க வேண்டும் என்று இங்கே பார்க்கலாம். எடுத்துக்காட்டுகள் 2025-26 பட்ஜெட்டிலிருந்து.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்ளடக்கத்துக்கு ஐந்துக்கு நான்கு. பயன்படுத்தும் வசதிக்கு ஐந்துக்கு இரண்டு. துறைவாரியான மானியக் கோரிக்கை நூல்கள் (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் கேட்கும் தொகைகளின் விரிவான பட்டியல்) மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து பெறும் தகுதி உள்ளவை. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு மற்ற கோப்புகள் பெரும்பாலும் துணைக்குத்தான்.

கட்டில் இருப்பவை

அரசியலமைப்புச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு கேட்பது, வரும் நிதியாண்டின் மதிப்பிடப்பட்ட வரவையும் செலவையும் காட்டும் ஆண்டு நிதிநிலை அறிக்கை. உரை என்பது மரபு. அறிக்கையில் மாநிலத்தின் திரள் நிதி, எதிர்பாராச் செலவு நிதி, பொதுக் கணக்கு என்று மூன்று பகுதிகள் இருக்கும். வரியும் கடனும் வந்து சேர்வது திரள் நிதியில். அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் பேரவையின் சட்டம் வேண்டும். அரசு ஊழியர்களின் சேமநல நிதி, ஒப்பந்ததாரர்களின் வைப்புத்தொகை போன்ற அடுத்தவர் பணம் பொதுக் கணக்கில் இருக்கும். அதற்கு வாக்கெடுப்பு கிடையாது.

இதோடு வரவு செலவுத் திட்டச் சுருக்கம், வரவினங்களின் விரிவான மதிப்பீடு, நடுத்தர கால நிதித் திட்டம், ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் எல்லாம் சேர்ந்து வரும். நேரம் இல்லாதவர்கள் சுருக்கத்தை மட்டுமாவது பார்க்கலாம். அதில் தொகைகள் கோடியில் இருக்கும், அட்டவணைகள் தெளிவானவை. 2025-26க்கு வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய், வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. வித்தியாசமான 41,635 கோடிதான் வருவாய்ப் பற்றாக்குறை. அதோடு கட்டுமானம் முதலானவற்றுக்கான மூலதனச் செலவு 57,231 கோடியைக் கூட்டினால் 98,866 கோடி. ஆனால் நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி என்று சொல்லப்பட்டிருக்கும். இடையில் உள்ள எட்டாயிரம் கோடி சொச்சம் எங்கே போனது என்று குழம்ப வேண்டாம். அரசு பிறருக்குக் கொடுக்கும் கடனிலிருந்து திரும்பி வரும் கடனைக் கழித்த நிகரத் தொகை அது. செய்தித்தாள்கள் இந்த மூன்றாவது உருப்படியை விட்டுவிடுவதால், கூட்டிப் பார்க்கும் வாசகருக்கு எப்போதும் கணக்கு இடிக்கும்.

உரை எங்கே ஏமாற்றும்

2025 மார்ச் 14 அன்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த உரையில் பள்ளிக்கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று வருகிறது. மறுநாள் எல்லாத் தலைப்புகளிலும் அதே எண். அந்த எண் சரியானதுதான். ஆனால் அதில் ஆசிரியர் சம்பளம் எவ்வளவு, வகுப்பறை எவ்வளவு, புதுத் திட்டம் எவ்வளவு, முந்தைய ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு உண்மையில் செலவானது என்பதில் ஒன்றையும் அது சொல்லாது.

அறிவிப்புகளில் சிக்கல் இன்னும் அதிகம். உரையில் வரும் தொகைகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. "இத்தனை கோடி மதிப்பீட்டில்" என்று வந்தால் பெரும்பாலும் அது பணியின் மொத்தச் செலவு, பல ஆண்டுகளுக்கு நீள்வது. "இவ்வாண்டு ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளது" என்று வந்தால்தான் அந்த ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான பணம். மூன்றாவது வகை, வாரியமோ கழகமோ வங்கியில் கடன் வாங்கிச் செய்வது. அது மாநில பட்ஜெட்டில் உத்தரவாதமாகவோ பங்கு மூலதனமாகவோதான் தலைகாட்டும். உரையின் தொகைகளை எல்லாம் எழுதிக் கூட்டினால் பட்ஜெட் வராது. இந்தக் கட்டின் மிகப் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது: உரையில் உள்ள எந்த அறிவிப்புக்கும் பக்கத்தில் கணக்குத் தலைப்பு எண், அதாவது கோரிக்கை நூலில் அந்தச் செலவைக் கண்டுபிடிக்க உதவும் குறியீட்டு எண், கிடையாது. ஓர் அறிவிப்புக்கு ஒரு எண் என்று பின்னிணைப்பாகப் போட்டாலே இந்தச் சேவையின் தரம் இரு மடங்கு உயரும். எண் எல்லாம் துறையிடம் இருக்கிறது, புதிதாகத் தயாரிக்க வேண்டியது எதுவும் இல்லை.

வேளாண் பட்ஜெட்டைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 14 முதல் தமிழ்நாடு இதைத் தனியாக வாசிக்கிறது. 2025-26க்கு அதன் மொத்தம் 45,661 கோடி ரூபாய். இது பொது பட்ஜெட்டுக்கு மேல் கூடுதலாக வரும் பணம் இல்லை. வேளாண்மை, கால்நடை, மீன்வளம், நீர்வளம், எரிசக்தி என்று பல துறைகளின் கோரிக்கைகளில் ஏற்கெனவே இருக்கும் உழவர் சார்ந்த தொகைகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் அறிக்கை. உழவர்களின் இலவச மின்சாரத்துக்கான மானியம்கூட இதற்குள் வரும். இரண்டு பட்ஜெட்டையும் கூட்டினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகும். திரட்டிக் காட்டும் யோசனை நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண்களுக்கு, குழந்தைகளுக்கு, பருவநிலைக்கு என்றும் இதே முறையில் போடலாம். கூட்டக் கூடாது என்ற ஒரு வரியை முகப்பில் அச்சிட்டால் போதும்.

மானியக் கோரிக்கை: உண்மையான சரக்கு

துறைக்கு ஒரு கோரிக்கை எண். பள்ளிக்கல்வி 43. மக்கள் நல்வாழ்வு 19. ஊரக வளர்ச்சி 42. நகராட்சி நிர்வாகம் 34. ஓய்வூதியம் 50. ஒரு கோரிக்கையைத் திறந்ததும் கண்ணில் படுவது எண்களின் காடு. பயப்பட வேண்டியதில்லை, இந்தக் காட்டுக்கு ஒழுங்கான வழி உண்டு.

முதலில் தலைப்பு எண். நான்கு இலக்கங்கள் கொண்ட முதன்மைத் தலைப்பு இந்தியா முழுவதும் ஒன்றுதான். கேரளத்தின் பட்ஜெட்டைத் திறந்தாலும் ஒன்றியத்தின் பட்ஜெட்டைத் திறந்தாலும் 2210 என்றால் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும்தான். முதல் இலக்கம் பணத்தின் இயல்பைச் சொல்லும். 0 அல்லது 1 வருவாய் வரவு. 2 அல்லது 3 வருவாய்ச் செலவு. 4 அல்லது 5 மூலதனச் செலவு. 6 அல்லது 7 கடன்கள். 8 என்றால் எதிர்பாராச் செலவு நிதியும் பொதுக் கணக்கும். இதில் ஓர் அழகான ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. 0202 கல்வியிலிருந்து வரும் வரவு, 2202 பொதுக் கல்விக்கான நடப்புச் செலவு, 4202 கல்விக்கான கட்டுமானம் முதலான மூலதனச் செலவு, 6202 கல்விக்குக் கொடுக்கும் கடன். இரண்டாயிரம் இரண்டாயிரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். நெடுஞ்சாலைக்கு 3054 என்றால் அதன் மூலதனம் 5054. இதைத் தெரிந்துகொண்டாலே, "பள்ளிக்கு இவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்களே, கட்டடம் ஏன் எழவில்லை" என்ற கேள்விக்கு 2202க்கும் 4202க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துப் பாதி விடை கண்டுவிடலாம்.

முதன்மைத் தலைப்பை அடுத்து இரண்டு இலக்கத் துணை முதன்மைத் தலைப்பு, மூன்று இலக்கச் சிறு தலைப்பு, இரண்டு ஆங்கில எழுத்துகளில் திட்டம், கடைசியாகச் செலவின் வகை என்று கீழே இறங்கும். சிறு தலைப்புகளில் சிலவற்றை மனப்பாடம் செய்துகொள்வது லாபம். 001 என்றால் இயக்குநரகமும் நிருவாகமும். 789 என்றால் பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டம். 796 பழங்குடியினருக்கானது. 191, 192, 193 ஆகியவை முறையே மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கான உதவி. 198 கிராம ஊராட்சிக்கு. 911 வந்தால் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடித்தது, அதனால் கழித்தல் குறியோடு இருக்கும். 800 என்பது "இதர செலவு". அங்கே பெரிய தொகை கிடந்தால் ஏன் என்று கேளுங்கள். செலவுக்கு ஒரு பெயர் இருக்கும்போது அது இதரத்துக்குள் போவதை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் பல மாநிலங்களில் திரும்பத் திரும்பக் குறை கூறியிருக்கின்றன.

எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பழைய ஆண்டுகளின் தமிழ்க் கோப்புகள் பல யூனிகோடில் இல்லை. தமிழில் தேடினால் எதுவும் அகப்படாது, நகல் எடுத்து ஒட்டினால் குப்பையாக விழும். இலக்கங்கள் எந்த எழுத்துருவிலும் இலக்கங்களாகவே இருக்கும். பி.டி.எஃப். கோப்பில் திட்டத்தின் பெயரைத் தேடாமல் 789 என்றோ 4202 என்றோ தேடுங்கள். கை மேல் பலன் கிடைக்கும்.

அடுத்தது அலகு. சுருக்கம் கோடியில் பேசும். கோரிக்கை நூல் ஆயிரங்களில் பேசும். பக்கத்தின் மேல்மூலையில் சிறிய எழுத்தில் அது போட்டிருக்கும். 123456 என்று இருந்தால் பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் ரூபாய். வலது பக்கத்திலிருந்து இரண்டு இலக்கம் ஆயிரம், அடுத்த இரண்டு லட்சம், மிச்சமெல்லாம் கோடி. இந்த ஒரு சூத்திரம் தெரியாமல் போராட்ட நோட்டீசுகளிலும் முகநூல் பதிவுகளிலும் ஆயிரம் மடங்கு பிழையான தொகைகள் உலா வருகின்றன. 1 என்று மட்டும் இருந்தால் ஆயிரம் ரூபாய். அது எழுத்துப் பிழை இல்லை. தலைப்பைத் திறந்து வைப்பதற்கான பெயரளவு ஒதுக்கீடு. திட்டம் வரலாம், பணம் பின்னால் வேறு வழியில் வரலாம் என்று பொருள். அறிவிப்பு வந்து, கோரிக்கையில் 1 என்று மட்டும் இருந்தால் அந்தத் திட்டத்துக்கு அந்த நாளில் பணம் இல்லை.

மூன்றாவது, இந்த நூலின் உயிர்நாடியான நான்கு பத்திகள், அதாவது அட்டவணையின் நெடுவரிசைகள். 2025-26 நூலில் 2023-24க்கான கணக்கு (உண்மையில் செலவானது), 2024-25க்கான பட்ஜெட் மதிப்பீடு, 2024-25க்கான திருத்த மதிப்பீடு, 2025-26க்கான பட்ஜெட் மதிப்பீடு என்று வரிசையாக இருக்கும். கடைசிப் பத்தியை மட்டும் பார்ப்பவர் வாக்குறுதியைப் பார்க்கிறார். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுபவர் நடத்தையைப் பார்க்கிறார். திருத்த மதிப்பீடு தயாராகும்போது ஆண்டின் பெரும்பகுதி முடிந்திருக்கும், செலவின் போக்கு தெரிந்திருக்கும். நூறு கோடி போட்டு, திருத்தத்தில் முப்பது கோடியாக்கி, அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் நூற்றிருபது கோடி போட்டிருந்தால், அந்தத் திட்டத்தில் நிலம் கிடைக்கவில்லை, டெண்டர் முடியவில்லை, அல்லது அரசாணையே வரவில்லை என்று அர்த்தம். ஊடகங்கள் அதை "இருபது சதவீத உயர்வு" என்று எழுதும்.

வரவுப் பக்கத்திலும் இதே ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாயை விடுவிக்கவில்லை என்று 2025 உரையில் சொல்லப்பட்டது. அத்தகைய சம்பவத்தின் தடம் 1601 என்ற தலைப்பில், அதாவது ஒன்றிய அரசின் மானியங்களில் பதியும். பட்ஜெட் மதிப்பீட்டில் எதிர்பார்த்தது, திருத்தத்தில் சுருங்கியது, கணக்கில் வந்து சேர்ந்தது என்று மூன்றையும் வைத்துப் பார்த்தால் வாதம் எண்ணாக மாறிவிடும்.

ஒரு துறை, பல கோரிக்கைகள்

கோரிக்கை நூலைத் தனியாகப் படிப்பதில் ஒரு பள்ளம் உண்டு. 43-ஆம் கோரிக்கை முழுவதையும் கரைத்துக் குடித்தாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் செலவு முழுதாகத் தெரியாது. சத்துணவு சமூக நலத்துறையின் 45-ஆம் கோரிக்கையில், 2236 என்ற ஊட்டச்சத்துத் தலைப்பில் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 4-ஆம் கோரிக்கையில். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையில். ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் ஓய்வூதியம் 2071 தலைப்பில், 50-ஆம் கோரிக்கையில். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மாநகராட்சியின் சொந்த பட்ஜெட்டையும் எடுக்க வேண்டும். சாலையும் இப்படித்தான்: மாநில நெடுஞ்சாலை 21-இல், ஊராட்சிச் சாலை 42-இல், நகரச் சாலை 34-இல். முதன்மைத் தலைப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கோரிக்கைகளிலும் தேடுவதுதான் இதற்கு வழி. துறைகளைத் தாண்டி ஒரு பொருளுக்கான மொத்தத்தைக் காட்டும் அட்டவணை ஆண்டு நிதிநிலை அறிக்கையில் முதன்மைத் தலைப்பு அளவில் கிடைக்கும். அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் கையால்தான் கூட்ட வேண்டும்.

அப்படிக் கூட்டும்போது இன்னொன்று இடிக்கும். கோரிக்கைகளில் உள்ளவை மொத்தத் தொகைகள், நிதிநிலை அறிக்கையில் உள்ளவை பிடித்தங்கள் கழிந்த நிகரத் தொகைகள். பேரவை வாக்களிப்பது மொத்தத்துக்கு. எனவே எல்லாக் கோரிக்கைகளின் கூடுதல் நிதிநிலை அறிக்கையின் செலவை விட அதிகமாகத்தான் இருக்கும். இதைக் கண்டு ஊழல் என்று எழுதிவிட வேண்டாம்.

கோரிக்கையின் முகப்பிலேயே வாக்கெடுப்புக்கு உரியது, உரியதல்லாதது என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். கடனுக்கான வட்டி, ஆளுநர், பேரவைத் தலைவர், உயர்நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் ஆகியவை திரள் நிதியின் மீது நேரடியாக விழும் செலவுகள். பேரவை அவற்றை விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது. 2049 என்ற வட்டித் தலைப்பின் அளவை ஒருமுறை பார்த்தால், பேரவையின் கைக்கு எட்டாமலேயே போகும் பணம் எவ்வளவு என்பது புரியும்.

பட்ஜெட்டில் இருக்கிறது, பணம் வரவில்லை

அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. காரணம் தெரிந்துகொள்ள, ஆவணங்களுக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

பட்ஜெட் தயாரிப்பு மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு துறைத் தலைமையும் தன் கீழ் உள்ள அலுவலகங்களிலிருந்து நம்பர் ஸ்டேட்மென்ட் வாங்கும். எத்தனை பணியிடங்கள், யார் எந்த ஊதிய நிலையில் என்ற கணக்கு அது. சம்பளம், வாடகை, மின்கட்டணம் போன்ற நடப்புச் செலவுகள் இதிலிருந்து தானாக வந்துவிடும். புதிய திட்டங்களைத் தனியாக நிதித்துறையிடம் வாதாடி வாங்க வேண்டும். நிதித்துறை ஒவ்வொரு துறையோடும் உட்கார்ந்து பேசி வெட்டும், சேர்க்கும். சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் போக மீதியில்தான் இந்தப் பேரம் நடக்கிறது.

தாக்கலுக்குப் பிறகு பொது விவாதம். அதன் பிறகு துறை துறையாக மானியக் கோரிக்கை விவாதம். அமைச்சர் அன்றைக்குக் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைப்பார். இந்தக் குறிப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. எத்தனை பள்ளி, எத்தனை மருத்துவர், எந்த அணை, எந்த நிலையில் என்ற பௌதிக விவரங்கள் இவற்றில்தான் இருக்கின்றன. கோரிக்கை நூல் பணத்தைச் சொல்லும், கொள்கைக் குறிப்பு வேலையைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே சரியான முறை. உறுப்பினர்கள் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள், கோரிக்கை நிறைவேறும், எல்லாம் முடிந்ததும் திரள் நிதியிலிருந்து பணம் எடுக்க 204-ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை முன்கூட்டியே ஆராய்கின்றன. தமிழ்நாட்டில் அந்தக் கட்டம் இல்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகள் முடிவதும் உண்டு. இவ்வளவு நுணுக்கமான நூலை அச்சிட்டுவிட்டு அதைப் படிக்க அவைக்கு அவகாசம் தராமல் இருப்பது பெரும் இழப்பு.

சட்டம் நிறைவேறினாலும் பணம் தானாக நகராது. புதிய திட்டம் என்றால் நிருவாக ஒப்புதலுக்கு அரசாணை வேண்டும். அரசாணை வந்து, துறைத் தலைமை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, செலவுப் பட்டியல் (பில்) கருவூலத்துக்குப் போக வேண்டும். அதனால் ஒரு திட்டத்தைப் பின்தொடர்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒதுக்கீடு எவ்வளவு என்பதல்ல. அரசாணை எண் என்ன, தேதி என்ன என்பதுதான். தகவல் உரிமை மனுவில் கணக்குத் தலைப்பையும் அரசாணை எண்ணையும் குறிப்பிட்டுக் கேட்டால் மழுப்பலான பதிலுக்கு இடம் குறையும்.

ஆண்டின் நடுவில், கூடுதல் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் துணை மதிப்பீடுகள் வரும், வழக்கமாக இரண்டு முறை. "புதுப்பணி", "புது துணைப்பணி" என்று அதில் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். பட்ஜெட்டில் இல்லாத ஒரு திட்டத்தை இடையில் தொடங்கினால், பணம் அதே கோரிக்கைக்குள் மிச்சம் இருந்தாலும், பேரவையின் ஒப்புதல் இல்லாமல் செலவழிக்க முடியாது. அவசரத்துக்கு எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து எடுத்துவிட்டு, துணை மதிப்பீட்டில் அதை ஈடு செய்வார்கள். இந்தப் புத்தகத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஓர் அரசின் முன்னுரிமைகள் ஆண்டின் நடுவில் எங்கே திரும்பின என்பதை இதை விடத் தெளிவாக எதுவும் காட்டாது.

மார்ச் மாதத்தில் மறு ஒதுக்கமும் சரண்டரும் (செலவாகாததைத் திருப்பி ஒப்படைப்பது). ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொரு தலைப்புக்கு மாற்றலாம், ஆனால் கோரிக்கை தாண்டக் கூடாது, வருவாயிலிருந்து மூலதனத்துக்குத் தாண்டக் கூடாது, வாக்கெடுப்புக்கு உரியதிலிருந்து உரியதல்லாததற்கும் தாண்டக் கூடாது. மார்ச் 31 நள்ளிரவோடு செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும். இதைத் தவிர்க்க, பணத்தை எடுத்து பி.டி. கணக்கு எனப்படும் தனி வைப்புக் கணக்கில் போட்டுவைக்கும் பழக்கம் நாடெங்கும் உண்டு. ஏட்டில் அது செலவு. களத்தில் ஒரு செங்கல்லும் வைக்கப்பட்டிருக்காது. கணக்குப் பத்தியைக் கூட அப்படியே நம்பிவிடாமல் 8443 என்ற வைப்புத் தலைப்பையும் எட்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மற்றவர்களோடு ஒப்பிட்டால்

ஒன்றிய அரசின் பட்ஜெட் தளம் கோரிக்கை ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆகவும் எக்செல் ஆகவும் தருகிறது. 2021 முதல் கைபேசிச் செயலியும் உண்டு. ஆனால் ஆங்கிலமும் இந்தியும் மட்டும். தமிழில் தருவதில் தமிழ்நாட்டுக் கட்டு அதை வென்றுவிடுகிறது. எக்செல் இல்லாததால் தோற்றுவிடுகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து எண்களைக் கையால் தட்டச்சு செய்யச் சொல்வது ஆய்வாளர்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் வீண் தண்டனை. 2021 ஆகஸ்ட் 13 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் காகிதமில்லா பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அதற்குப் பிறகு எல்லாம் கணினியில்தான் நடக்கிறது. சம்பளமும் பட்டியல்களும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மை அமைப்பின் வழியாகவே கருவூலத்துக்குப் போகின்றன. அதாவது எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது என்ற விவரம் அரசிடம் கணினியில் இருக்கிறது. உத்தரப் பிரதேச அரசு தன் கோஷ்வாணி தளத்தில் கோரிக்கைவாரியான ஒதுக்கீட்டையும் செலவையும் பொதுமக்கள் பார்க்க வைத்திருக்கிறது. தமிழ்நாடு செய்ய முடியாத காரியம் இல்லை இது.

அதுவரை இடைவெளியை நிரப்ப இரண்டு இடங்கள் உண்டு. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் தளத்தில் மாநிலத்தின் மாதாந்திர முக்கியக் குறியீடுகள் வருகின்றன: வரி வருவாய், வட்டி, சம்பளம், ஓய்வூதியம், மானியம், மூலதனச் செலவு என்று ஒரே தாளில். தணிக்கை ஆகாத எண்கள், துறைவாரியாகவும் இல்லை. ஆனால் மூலதனச் செலவு ஆண்டு இறுதியில்தான் குவிகிறதா என்பதை உடனே காட்டிவிடும். இன்னொன்று ஒதுக்கீட்டுக் கணக்குகள். எந்தக் கோரிக்கையில் எவ்வளவு மிஞ்சியது, எங்கே மீறியது, என்ன காரணம் சொன்னார்கள் என்று தலைப்புவாரியாக இருக்கும். தாமதமாகத்தான் வரும். ஆனால் "துறை காரணம் தெரிவிக்கவில்லை" என்று அதில் வரும் இடங்கள், கணக்குகளை ஆராயும் பேரவையின் பொதுக் கணக்குக் குழுவுக்கு மட்டும் உரியவை அல்ல, செய்தியாளர்களுக்கும் கேள்விகளின் சுரங்கம்.

யார் எதை எடுக்க வேண்டும்? போட்டித் தேர்வு எழுதுபவருக்குச் சுருக்கமும் நடுத்தர கால நிதித் திட்டமும் போதும். ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதிகள் 3604 என்ற உள்ளாட்சிப் பகிர்வுத் தலைப்பிலிருந்து தொடங்கலாம். சங்கங்களும் இயக்கங்களும் தங்கள் துறையின் கோரிக்கையைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு இறக்கி, ஒரே தலைப்புக்கு மூன்று ஆண்டுகளின் பட்ஜெட், திருத்தம், கணக்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். 2025-26இன் உண்மையான கணக்கு 2027-28 நூலின் முதல் பத்தியில்தான் வரும் என்பதால், 2025-26 நூலையும் இப்போதே இறக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வாக்குறுதியையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அது தேவைப்படும்.